மாகாண சபையை மூடினால் அரசாங்கம் சிறுத்துவிடுமா?

களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் ஒரு பிள்ளையின் கேள்வி இது: “நாடு வங்குரோத்தாகக் காரணம் அரசாங்கம் அளவுக்கு மீறிப் பெருத்ததுதான், ஆகவே முதலில் மூட வேண்டியது மாகாண சபைகளை என்று எங்கள் பாடசாலை விவாதத்தில் ஒரு அணி வாதாடப் போகிறது. அமெரிக்காவிலேயே மத்திய அரசைச் சுருக்கச் சொல்கிறார்கள் என்பது அவர்களின் உதாரணம். நான் எதிரணி. மத்திய அரசாங்கம் என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஏதாவது அளவுகோல் இருக்கிறதா, ஐயா?”

மகள், அந்த அணி சொல்வதில் பாதி சரி. அதையே மறுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். படையினரையும் சேர்த்தால் இந்த நாட்டில் அரச சம்பளம் வாங்குவோர் சுமார் 13 இலட்சம் பேர். சனத்தொகையோ 2 கோடி 17 இலட்சம். 2015இல் 19ஆவது திருத்தம் கொண்டுவந்தபோது அமைச்சரவையில் 30 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று அரசியலமைப்பிலேயே எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் பதவிகள் எப்படிப் பங்குபோடப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அரசாங்கம் பெருத்துத்தான் இருக்கிறது. எந்த இடத்தில் பெருத்திருக்கிறது, எந்த இடத்தில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது என்பதைத்தான் நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டும்.

மாகாண சபையை மூடச் சொல்கிறார்கள். அது மூடித்தானே கிடக்கிறது! கிழக்கு மாகாண சபைக்கு 37 உறுப்பினர்கள். முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து அமைச்சர்கள், அதற்கு மேல் வைக்க அரசியலமைப்பு இடம் கொடுப்பதில்லை. 2012இல் தெரிவான சபையின் காலம் 2017 செப்டம்பர் 30இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. அந்த 37 பேரின் சம்பளமும் வாகனமும் அன்றிலிருந்து மிச்சம். அதனால் அரசாங்கம் எந்தப் பக்கம் சிறுத்தது? மாகாணத்தின் செலவில் பெரும்பகுதி ஆசிரியர்களுக்கும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் போகும் சம்பளம். சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். மாகாண அமைச்சுகளும் திணைக்களங்களும் செயலாளர்களும் அப்படியே இருக்கிறார்கள், ஆளுநரின் கீழ். குறைந்துபோனது, அவர்களைச் சபையில் எழுப்பி நிறுத்திக் கணக்குக் கேட்க மக்கள் வாக்குப்போட்டு அனுப்பிய ஆட்கள் மட்டும்தான். சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, முடிவு கண்முன்னே இருக்கிறது என்று சொல்லுங்கள். இது உங்கள் கையிலிருக்கும் ஆகப் பலமான வாதம்.

இனி அளவுகோலுக்கு வருகிறேன். நான் மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் வேலை செய்தவன். ஊர்ச்சனம் கொண்டுவந்த மனுக்களைப் படித்துப் படித்து நான் வந்து சேர்ந்த அளவுகோல் ஒன்றுதான். ஒரு தீர்மானம் பிழைத்தால் அதன் அடி யார்மேல் விழுமோ, அவர்கள் போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் அந்தத் தீர்மானத்தை எடுக்கிறவர் இருக்க வேண்டும். அடி பல மாகாணங்கள்மேல் விழுமென்றால் அது மத்தியின் வேலை. ஒரு மாகாணத்துக்குள் விழுமென்றால் மாகாணத்தின் வேலை. ஒரு ஊரோடு நிற்குமென்றால் பிரதேச சபையின் வேலை. எத்தனை ஊழியர், எத்தனை அமைச்சு என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் கணக்கு.

இந்த அளவுகோலை மட்டக்களப்பு மாவட்டத்து மேய்ச்சல் தரைகளான மயிலத்தமடு, மாதவணையில் வைத்துப் பாருங்கள். பெரும்போகத்துக்கு வயல் விதைத்துவிட்டால் பட்டி மாடுகளை வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வெளிக்குள் வைத்திருக்க முடியாது. அறுவடை முடியும்வரை உள்ளே மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அந்தத் தரை மாதுறு ஓயா வலதுகரையில், மகாவலி அதிகார சபையின் எல்லைக்குள் வருகிறது. அங்கே வெளியிலிருந்து வந்து பயிர்செய்யத் தொடங்கியபோது மாடுகள் வெட்டியும் சுட்டும் கொல்லப்படுவதாகப் பண்ணையாளர்கள் முறையிட்டார்கள். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரமாகக் குந்திப் போராட்டம் தொடங்கினார்கள்.

செத்த மாட்டோடு ஒரு பண்ணையாளர் எங்கே போக வேண்டும்? மாட்டைப் பார்த்து அறிக்கை எழுதுகிற கால்நடை வைத்தியர் மாகாணத் திணைக்களத்தின் ஆள். கால்நடை வளர்ப்பு மாகாண விடயம், அதில் சிக்கலில்லை. ஆனால் மாடு நின்ற நிலம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மகாவலி அதிகார சபையின் கையில், அது கொழும்பு. பக்கத்துக் காடு வன இலாகாவிடம், அதுவும் கொழும்பு. முறைப்பாட்டை எழுத வேண்டிய பொலிஸும் கொழும்பு. பிரதேச செயலாளர் ஊரில்தான் இருக்கிறார், ஆனால் அவரை நியமிப்பதும் இடமாற்றுவதும் மத்தி. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தால் அரசாங்க அதிபரின் அதிகாரங்கள் பிரதேச செயலாளர்களிடம் வந்தன. நிர்வாகம் சனத்துக்குக் கிட்ட வந்துவிட்டதாகத் தோன்றினாலும், கிட்ட வந்தது மத்தியின் கைதான். ஆகவே மாட்டைப் பற்றித் தெரிந்த அரசாங்கத்துக்கு நிலத்தில் அதிகாரம் இல்லை. நிலத்தில் அதிகாரம் உள்ள அரசாங்கத்துக்கு மாட்டைப் பற்றி அக்கறை வரவேண்டிய கட்டாயம் இல்லை, செங்கலடிப் பண்ணையாளரின் வாக்கால் கொழும்பில் ஒரு அமைச்சர் விழப்போவதில்லை. மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தத்தை “முழுமையாக” நடைமுறைப்படுத்துவோம் என்று மேடையில் பேசுகிற எவரிடமும் இந்த ஒரு மாட்டை வைத்துக் கேட்டால் அவர் எவ்வளவு விளங்கிப் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

மண்ணும் இப்படித்தான். ஆற்று மண் அகழ அனுமதிப்பத்திரம் கொடுப்பது மத்தியின் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். ஏற்றிக்கொண்டு டிப்பர் ஓடுவது பிரதேச சபையின் கிறவல் வீதியில். ஏ, பி வகுப்பு வீதிகள் மத்தியின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வகுப்புகள் மாகாணத்துக்கு, மிச்சமெல்லாம் பிரதேச சபைக்கு. மழைக்கு நெகிழ்ந்த அந்தக் கிறவல் வீதியில் இரண்டு கரையிலும் சில்லுப் பள்ளம் விழுந்து, நடுவில் புல் மேடு நிமிர்ந்து நிற்கும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அந்தப் புல் மேட்டின்மேல்தான் ஓடும், எதிரே டிப்பர் வந்தால் வயலுக்குள் இறங்கி நிற்கும். வீதிக்குக் குறுக்கே தண்ணீர் போகும் பெட்டிப் போக்கு வெடித்தால் திருத்த வேண்டியது பிரதேச சபை. அனுமதியை நிறுத்துகிற அதிகாரம் அதற்கில்லை. இப்படி இருந்தால் பிரதேச சபைத் தவிசாளர் கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

இதற்கெல்லாம் வேர் எங்கே என்று விவாதத்தில் கேட்பார்கள். 1987 யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே வருடம் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் வந்தன. அதிகாரங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: மாகாண சபை நிரல், ஒதுக்கப்பட்ட நிரல், இரண்டுக்கும் பொதுவான ஒருங்கிய நிரல். மாகாண நிரலைத் தனியே வாசித்தால் கல்வி, சுகாதாரம், விவசாயம், கூட்டுறவு என்று மனம் நிறைந்துவிடும். உடனே ஒதுக்கப்பட்ட நிரலின் முதல் வரிக்குப் போங்கள். எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுப்பது மத்திக்கு என்று அங்கே இருக்கிறது. நான் பார்த்தவரையில் மாகாணத்தின் கையைக் கட்ட அந்த ஒரு வரியே போதுமாக இருந்திருக்கிறது. ஒரு பாடசாலை நன்றாக நடந்தால் அதைத் தேசிய பாடசாலையாக்கி மத்தி எடுத்துக்கொள்கிறது. ஒரு ஆஸ்பத்திரி பெரிதானால் போதனா வைத்தியசாலை என்று எடுத்துக்கொள்கிறது. மட்டக்களப்பு நகரத்தில் புனித மிக்கேலும் போதனா வைத்தியசாலையும் மத்தியிடம், வாகரையின் சின்னப் பள்ளிக்கூடங்கள் மாகாணத்திடம். பிறகு மாகாணத்துக்குக் கல்வியை நடத்தத் தெரியவில்லை என்று குறை!

ஆளுநர் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது பாடப்புத்தகத்திலேயே இருக்கும். அவரை நியமிப்பவர் சனாதிபதி. நிறைவேற்று அதிகாரம் அவரிடம், மாகாண அரச சேவை நியமனமும் அவரிடம், அவரின் சிபாரிசு இல்லாமல் பண நியதிச்சட்டம், அதாவது பணம் பற்றிய மாகாணச் சட்டம், சபைக்கு வரவே முடியாது.

பணத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவின் கதையும் எங்கள் கதையும் அங்கேதான் சந்திக்கின்றன. மாகாணங்களுக்கென்று சொந்த வருமானமாக இருந்ததில் பெரியது, வியாபாரங்களின் விற்பனைத் தொகைமேல் அறவிட்ட புரள்வு வரி. 2011இல் அதை எடுத்துவிட்டார்கள். பதிலாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே நீக்கிவிட்டார்கள். வரியை உயர்த்துவதோ குறைப்பதோ கொழும்பின் தீர்மானம், பள்ளம் விழுவது எங்கள் மாகாணத் தலைநகரான திருகோணமலையின் வரவுசெலவுத் திட்டத்தில். தன் கையால் வரி அறவிடாத சபைக்கு மக்களிடம் கணக்குச் சொல்லும் பழக்கமும் வராது. மாகாண சபை வீண் செலவு செய்தது என்று அந்த அணி சொன்னால் மறுக்க வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள்: அடுத்தவன் தந்த காசு அப்படித்தான் செலவாகும்.

அமெரிக்காவை அவர்கள் இழுத்தால் உங்களுக்கு நல்லது. அங்கே 1791இல் சேர்த்த 10ஆவது திருத்தம், மத்திக்கு என்று கொடுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது. பள்ளிக்கூடம், ஊர்ப் பொலிஸ், பெரும்பாலான குற்றவியல் சட்டம், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் மாநிலத்தின் கையில். மாநிலங்களிலும் உள்ளூர் சபைகளிலும் வேலை செய்வோர் தொகை மத்தியின் சிவில் ஊழியர் தொகையைப் போலப் பல மடங்கு. 50 மாநிலங்களுக்கும் சொந்த அரசியலமைப்பு, சொந்த நீதிமன்றம், சொந்த வரி, மக்கள் தெரிவுசெய்த ஆளுநர். வொஷிங்டனைச் சுருக்கு என்று அங்கே ஒருவர் சொன்னால், அந்த வேலையை ஏந்திக்கொள்ள இவ்வளவு ஏற்பாடு கீழே தயாராக இருக்கிறது. எங்கள் நாட்டில் மாகாண சபையை மூடச் சொல்கிறவர் அந்த உதாரணத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் நடக்கிறார். மேலே உள்ளதை அவர் தொடவேயில்லை.

அங்கேயும் மத்தி பணத்தைக் காட்டித் தன் எல்லையைத் தாண்டத்தான் பார்க்கிறது. மதுபானம் வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை வெட்டுவோம் என்று 1984இல் சட்டம் போட்டார்கள். தெற்கு டகோட்டா வழக்குப் போட்டது. 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2012இல் ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டம் வழக்காக வந்தபோது, வறியவர்களுக்கான மருத்துவத் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலத்திடமிருந்து பழைய உதவியையும் பறிப்போம் என்பது தூண்டுதல் இல்லை, கழுத்தில் கைவைப்பது என்று அதே நீதிமன்றம் எல்லை கீறியது. மாநிலத்துக்குச் சொந்த வருமானம் இருப்பதால்தான் மாட்டேன் என்று சொல்ல அதற்குத் துணிவு வருகிறது. கிழக்கு மாகாண சபை அப்படிச் சொன்னதா? 2012இல், வறுமை ஒழிப்பு வேலைகளை மத்தியின் ஒரு திணைக்களத்தின் கீழ் கொண்டுவரும் திவிநெகும சட்டமூலம் மாகாண அதிகாரத்தில் கைவைக்கிறது, மாகாண சபைகளைக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கேட்டார்கள். எங்கள் சபை கையுயர்த்தி ஆமாம் போட்டது. எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

ஒரு எதிர்க்கேள்விக்கு நீங்கள் ஆயத்தமாகப் போக வேண்டும். மாநில உரிமை, மாநில உரிமை என்று அமெரிக்காவின் தென்மாநிலங்கள் கத்தியதெல்லாம் கறுப்பின மக்களைத் தனிப் பள்ளிக்கூடத்தில் அடைத்து வைக்கத்தானே? 1957இல் லிட்டில் ரொக் நகரத்தில் ஒன்பது பிள்ளைகளைப் பாடசாலைக்குள் கூட்டிப்போக சனாதிபதி ஐசனோவர் இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தை இயற்றியது மத்தி. உண்மை, மறைக்காதீர்கள். எங்கள் வரலாற்றில் கதை வேறு பக்கமாக ஓடியது. சுதந்திர காலத்துச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு சிறுபான்மைக்குக் கொடுத்த பாதுகாப்பை 1972இல் கைவிட்டது மத்திதான். ஆனால் அந்த அமெரிக்கப் பாடம் கிழக்கு மாகாணத்துக்கு வேறொரு விதத்தில் நன்றாகப் பொருந்துகிறது. 2012 கணக்கெடுப்பின்படி கிழக்கில் தமிழர் 40 வீதத்துக்குக் கிட்ட, முஸ்லிம்கள் 37 வீதமளவில், சிங்களவர் 23 வீதமளவில். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அம்பாறை மாவட்டத்தில் தமிழர் 17 வீதமளவில்தான். திருக்கோவிலில் இருக்கும் ஒரு தமிழருக்கோ பொத்துவிலில் இருக்கும் ஒரு முஸ்லிமுக்கோ சுமார் 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள திருகோணமலை இன்னொரு கொழும்பாகிவிடலாம். அந்தப் பயத்தை அலட்சியம் செய்கிற சமஷ்டிக் கோரிக்கையை நான் ஏற்கமாட்டேன். ஆகவே அடிப்படை உரிமைகள், அவற்றைக் காக்கும் நீதிமன்றம், மொழிச் சமத்துவம் ஆகியவற்றில் மத்தி பலமாக இருக்க வேண்டும். மாகாணமும் தன் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு இறக்க வேண்டும்.

கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தைக் கட்டாயம் கேட்பார்கள். அந்த உப செயலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்த வேண்டுமென்று தமிழர்களும், எல்லை வகுக்காமல் செய்யக்கூடாதென்று முஸ்லிம்களும் பல பத்தாண்டுகளாக இழுபடுகிறார்கள். 2019 யூனில் உண்ணாவிரதம்வரை போனது. இரு பக்கத்திலும் நியாயமான பயம் இருக்கிறது. ஆனால் பூட்டும் திறப்பும் கொழும்பு அமைச்சிடம் இருப்பதால், ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்குறுதி, மறுபக்கத்துக்கு இன்னொன்று. தீர்க்காமல் வைத்திருப்பதில் அவர்களுக்கு இலாபம். கல்முனையாரும் பாண்டிருப்பாரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்கள். தீர்மானம் அவர்கள் தெரிந்தெடுத்த ஆட்களிடம் இருந்தால் நாளையே தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தள்ளிப்போட்ட நட்டத்தைத் தள்ளிப்போட்டவரே சுமக்க வேண்டிவரும் என்கிறேன்.

மத்தியிடம் விட வேண்டியதையும் மனப்பூர்வமாகச் சொல்லுங்கள், அப்போதுதான் நடுவர் உங்களை நம்புவார். கல்லோயா ஊவா மலைகளில் பிறந்து எங்கள் வயல்களுக்கு வருகிறது. மாகாணம் கடந்து ஓடும் ஆற்றின் நீர்ப்பாசனத்தை மத்தியிடம் வைத்தது சரிதான். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கியபோதும், 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தபோதும், எந்த மாகாணமும் தனியே தாங்கியிருக்க முடியாது. நாணயம், பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, தொற்றுநோய்த் தடுப்பு, பின்தங்கிய மாகாணத்துக்கு வசதியான மாகாணத்தின் வரியைப் பகிர்வது, இவையெல்லாம் பெரிய கை வேண்டிய வேலைகள்.

ஆனால் ஆறு மத்தியுடையது என்றால் வாய்க்கால் கட்டும் மத்தியுடையதா? 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்து இங்கினியாகலையில் அணை கட்டினார்கள். பெரிய வேலை, வயலும் பெருகியது. குடியேற்றமும் கூடவே வந்து இனவிகிதத்தை மாற்றியது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. எல்லாம் மேலிருந்து தீர்மானித்தது. முப்பது வருடத்தில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, கடைக்கண்டங்களுக்கு, அதாவது வாய்க்கால் முடிகிற இடத்து வயல்களுக்கு, தண்ணீர் எட்டாமல் போனது. 1980களின் தொடக்கத்தில் வாய்க்கால் வாரியாக விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். தலைப்பக்கச் சிங்கள விவசாயிகளும் கடைப்பக்கத் தமிழ் விவசாயிகளும் முறைவைத்துத் தண்ணீர் விட்டுக்கொடுத்தார்கள், சேர்ந்து தூர் எடுத்தார்கள். வயல்காரர்களுக்குள் ஒருவரே தண்ணீர் முறையைப் பார்க்கும் எங்கள் பக்கத்து வட்டவிதானை முறையை அறிந்தவர்களுக்கு இது புதினமில்லை. அணையை மத்தி பார்க்கட்டும், மதகடியில் யார் எப்போது திறப்பது என்பதை அந்தக் கண்டத்துக்காரர் பார்க்கட்டும். நான் சொன்ன அளவுகோல் ஒரே தண்ணீரில் இப்படித்தான் பிரியும்.

இதற்கு நேர்மாறாக அம்பாறைக் கரையோரத்தில் ஒலுவில் என்ற ஊர் இருக்கிறது. டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம். மத்தியின் திட்டம், மத்தியின் துறைமுக அதிகார சபை. வாய்க்குள் மண் சேர்ந்தது, வடக்கே கரையைக் கடல் தின்றது. தென்னைகளும் தோணி இழுத்து வைக்கும் இடமும் போன பிறகு, யாரிடம் நட்டஈடு கேட்பது என்று ஒலுவில், நிந்தவூர் மீனவர்கள் அமைச்சு அமைச்சாக ஏறி இறங்கினார்கள். கடலைத் தெரிந்தவர்களிடம் தீர்மானத்துக்கு முன் கேட்கும் கட்டாயம் சட்டத்தில் யாருக்கும் இருக்கவில்லை.

சமஷ்டி என்றாலே பிரிவினை என்று யாராவது எழும்பினால் அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம். இந்த நாட்டுக்கு சமஷ்டி வேண்டுமென்று 1926இல் எழுதியவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. அடுத்த வருடம் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் அரசியலமைப்பு ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். தமிழரசுக் கட்சி பிறந்தது 1949 டிசம்பரில்தான். சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017இல் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கடைசியாக, தேர்தல் ஏன் நடக்கவில்லை என்பதைச் சரியாகச் சொல்லுங்கள், பலர் காசில்லாததால் என்று நினைக்கிறார்கள். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வகுக்க வேண்டும். வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கியாயிற்று, புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த இடைவெளியில்தான் மாகாணம் ஆளுநரிடம் கிடக்கிறது. பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்தலாம் என்று ஒரு சின்னத் திருத்தம் போதும். அதற்கு மூன்றில் இரண்டு வேண்டியதில்லை, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டியதில்லை, சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம்.